பத்துத் தட்டும் சுத்தம்

காவாந்தண்டலம்,
ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் டேனியல் அவர்களுக்கு,

தங்கள் தங்கை மார்த்தாளின் கணவனும், இந்த ஊர்ச் சபையின் செயலாளரும், நடவு மேஸ்திரியுமான ஞானதாஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் மார்த்தாளும் மகள் சோபியாவும் சுகம். மாடுகள் இரண்டும் சுகம். பக்கத்து வீட்டுச் செல்லாயியின் ஆடு மாகறலில் சுகம். அது எதற்கு மாகறல் போனது என்பது பின்னால் வரும். மதுராந்தகத்தில் தாங்களும், வீட்டில் எல்லோரும், தங்கள் நர்சரிப் பள்ளிக்கூடமும் சுகமாயிருக்க இந்தப் பரிசுத்த வாரத்தில் ஜெபிக்கிறோம். கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் தாங்கள் நடுவில் பேசுவீர்கள். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் தங்களிடம் நான் ஒரு பேச்சையும் முழுசாகப் பேசி முடித்ததில்லை. கடிதத்தை யாரும் குறுக்கே மறிக்க முடியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து, கடைசி வரி வரை படிக்கவும். விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மச்சான், நான் ஜெயித்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று தங்கள் வீட்டில் நடந்தது எனக்கு ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. கேக் வெட்டின கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே, இருபது உறவுக்காரர் நடுவில் தாங்கள் கேட்டீர்கள்: “இன்னா ஞானதாஸு, பொண்ண பயோடெக் படிக்க வெச்சிட்டு இன்னும் டிரெய்னி, டிரெய்னின்னு சொல்லிக்கினு கீற? அது இன்னா வேலைன்னு உனக்காவது தெரியுமா? பேசாம நம்ம ஸ்கூலுக்கு அனுப்பு. எல்கேஜிக்கு டீச்சர் இல்லாம ஒரே பேஜாரா கீது.” எனக்கு அப்போது வாயில் கேக் இருந்தது. கேக் இல்லாவிட்டாலும் பதில் இல்லை, அதுதான் உண்மை. அந்த ரோஷத்தில் நான் வாயை விட்டேன். “ஈஸ்டருக்குள்ள எம்பொண்ணு அந்தக் கம்பெனில பெர்மனென்ட் ஆவலேன்னா, நானே இட்டாந்து உங்க எல்கேஜில வுட்டுட்டுப் போறேன் மச்சான்” என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். சோபியா தட்டவில்லை. திரும்பி வரும்போது உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கின பிறகு, “என்ன வெச்சு பந்தயம் கட்டச் சொல்லி உன்ன யாரு நைனா கேட்டது?” என்று மட்டும் கேட்டாள். அதற்கு என்னிடம் இன்று வரைக்கும் பதில் இல்லை.

தாங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலை மட்டும் இப்போது நன்றாகப் படித்து வைத்திருக்கிறேன். காஞ்சிபுரத்தில் மூன்று வருஷம் பட்டப்படிப்பு. அது நாற்று விடுவது மாதிரிதான். அதை வைத்துக்கொண்டு சோறு பொங்க முடியாது. அப்புறம் ஆறு மாதம் தொழில் பயிற்சி. அங்கே முதல் மாதம் என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு, “கை கழுவ நைனா” என்றாள். பட்டம் வாங்கின பெண்ணுக்குக் கை கழுவச் சொல்லிக்கொடுக்க ஒரு மாதமா என்று கத்தினேன். மார்த்தாள்தான், “நீ கழுவற அழகுக்கு உனக்கு ரெண்டு மாசம் ஆவும்” என்று வாயை அடைத்தாள். பயிற்சி முடிந்து போன அக்டோபரில் ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். சர்க்கரை வியாதிக்காரருக்குப் போடும் ஊசி மருந்தை அங்கே உயிருள்ள அணுக்களை வளர்த்து, அவற்றிலிருந்து எடுக்கிறார்கள். தாங்கள் தினம் காலையில் வயிற்றில் குத்திக்கொள்கிறீர்களே, அதே சாதி மருந்து. அதைக் குப்பியில் நிரப்புகிற அறையில்தான் சோபியாவுக்கு வேலை. காற்றைக்கூட வடிகட்டித்தான் அந்த அறைக்குள் விடுவார்கள். ஆனால் ஆறு மாதத்துக்குள் ஒரு பரீட்சையில் தேறினால்தான் அந்த அறையில் நிரந்தரம்.

அது என்ன பரீட்சை என்று தாங்கள் யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. உடுத்துகிற பரீட்சை! தலையில் முக்காடு, முகமூடி, கண்ணாடி, உச்சி முதல் பாதம் வரை ஒரே வெள்ளை உடுப்பு, காலுக்கு உறை, கைக்கு இரட்டை உறை. இவ்வளவையும் தரையில் படாமல், வெளிப்பக்கத்தைத் தொடாமல் மாட்ட வேண்டும். எந்தக் கல்யாணப் பெண்ணையும் இத்தனை பேர் நின்று இவ்வளவு கண்டிப்பாகப் பார்த்திருக்க மாட்டார்கள். மாட்டி முடித்ததும், உள்ளங்கை அகலத்தில் ஜெல்லி ஊற்றின பத்துத் தட்டை எடுத்து விரல், மார்பு, முழங்கை, இடுப்பு என்று பத்து இடத்தில் ஒற்றி எடுப்பார்கள். தட்டுகளைக் கதகதப்பான அலமாரியில் ஒரு வாரம் வைப்பார்கள். கிருமி ஒன்று ஒட்டியிருந்தாலும் அது வளர்ந்து புள்ளியாகத் தெரியும். புள்ளி வந்தால் பெயில். மூன்று தடவை பெயிலானால் டப்பா கட்டுகிற பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பினால், என் வாயால் சொன்ன வாக்குப்படி தங்கள் எல்கேஜி.

ஜனவரிக் கடைசியில் முதல் பரீட்சை. இடது கை உறையில் ஒரு புள்ளி, பின் இடுப்பில் இரண்டு. பிப்ரவரிக் கடைசியில் இரண்டாவது. இடது கையில் இரண்டு, பின் இடுப்பில் மூன்று. சோபியா வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பார்த்தேன், பொறுக்கவில்லை. மறுநாளே ஒரு பை வேர்க்கடலையோடு கம்பெனி வாசலில் போய் நின்றேன். காவல்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “பெரியவரே, சட்டையக் கொஞ்சம் தட்டிக்கினு நில்லு” என்றார். அரை மணி நேரம் கழித்து சோபியாவின் மேலதிகாரி இந்து மேடம் வெளியே வந்தார். திருமுக்கூடல்காரப் பெண்ணாம், நம் பக்கம்தான். கடலையைக் கையால் தொடவில்லை, ஆனால் நின்று பொறுமையாகப் பேசினார். “ஐயா, என்னையே ரெண்டு தடவ பெயில் போட்டாங்க. உங்க பொண்ணுக்குக் கை ரொம்ப நிதானம். உடுத்தறதுல தப்பே இல்ல. வெளியில இருந்து ஏதோ கூடவே வருது. வீட்ல கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க” என்றார். பரீட்சையில் தேறினால் மேலே என்ன வழி என்றும் சொன்னார். நிரப்புகிற அறையிலேயே படிப்படியாக ஏறலாம். இல்லை, மருந்தைச் சோதித்துப் பார்க்கிற பகுதிக்குப் போகலாம். எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று எழுதிக் கண்காணிக்கிற பகுதிக்கும் போகலாம். மேல்படிப்பு படித்தால் ஆராய்ச்சிக்கே போகலாம். ஒரே நாற்றங்காலில் பிடுங்கின நாற்று நாலு கழனிக்குப் போகிற மாதிரி என்று நான் சொன்னேன். “கரெக்டா சொன்னீங்க” என்றார். தாங்கள் என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தை அது.

‘வீட்ல கவனிச்சுப் பாருங்க’ என்று ஒரு அதிகாரி சொன்ன பிறகு சபை செயலாளர் சும்மா இருக்க முடியுமா? அன்று மாலையே வீட்டில் கூட்டம் கூட்டி ஏழு தீர்மானம் போட்டேன். முன்மொழிந்தது நான், வழிமொழிந்தது நான், ஆட்சேபித்தது மார்த்தாள். கம்பெனியில் அறைகளை ஏ, பி, சி, டி என்று சுத்தத்தின்படி பிரித்திருக்கிறார்களாம். நானும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்து, சமையல் கட்டு ஏ, கூடம் பி, கொல்லை சி, தெருவாசல் டி என்று பிரித்தேன். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு தாம்பாளத்தில் பினாயில். என் நடவு ஆட்கள் கூலி விஷயம் பேச வந்தால்கூடக் காலை நனைத்துத்தான் உள்ளே வர வேண்டும். பாதிப் பேர் அதற்குப் பயந்துகொண்டு தெருவில் நின்றே கத்திவிட்டுப் போனார்கள். பிறகு துப்பறியத் தொடங்கினேன். இடது கையில் புள்ளி, ஏன்? சோபியா வேலைக்குக் கிளம்பும்போது செல்லாயியின் ஆட்டை இடது கையால் தடவிக்கொடுப்பாள். ஆகவே ஆடு! பின் இடுப்பில் புள்ளி, ஏன்? சனிக்கிழமை தோறும் இட்லி மாவுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துத்தான் மில்லிலிருந்து கொண்டுவருவாள். மாவு எதனால் பொங்குகிறது? கிருமியால். ஆகவே இட்லி!

ஆட்டை மாகறலில் இருக்கும் செல்லாயியின் அக்கா வீட்டுக்கு அனுப்பிவைக்கச் சொன்னேன். “எம் ஆட்டுக்கு இன்னா சீக்கு கீது? சொல்லு மேஸ்திரி! அது உன்ன விட சுத்தமா கீது!” என்று செல்லாயி தெருவே கூடும்படி கத்தினாள். கடைசியில் சோபியா போய்க் கெஞ்சின பிறகுதான் ஆடு ஆட்டோ ஏறியது. இட்லி, தோசை, தயிர், மூன்றும் எங்கள் வீட்டில் தடை. நாற்பது நாள் நாஷ்டாவுக்குக் கோதுமை உப்புமா. “கிருமி இல்லாம மாவு எப்டி பொங்கும்? அவ கம்பெனி மருந்தே கிருமியத்தான் வளத்து எடுக்கறாங்களாம். என் இட்லிய இன்னாத்துக்கு நிறுத்தற?” என்று மார்த்தாள் கேட்டாள். பதில் தெரியாததால் தீர்மானம் ஏற்கெனவே நிறைவேறிவிட்டது என்று சொன்னேன். இதில் ஒரு நல்லது நடந்தது. நாங்கள் தடை போட்ட நாளும் லெந்து நோன்பு தொடங்கின நாளும் ஒன்று. ஞானதாஸ் குடும்பம் நாற்பது நாளும் இட்லி, தோசை துறந்து உபவாசம் இருக்கிறது என்று போதகர் ஞாயிறு ஆராதனையில் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுக்கவில்லை. கர்த்தர் மன்னிப்பார்.

வண்டி விஷயத்திலும் நான் குறை வைக்கவில்லை. காலையில் கழனிக் கொட்டாயில் கட்டியிருக்கும் மாடுகளுக்கு என் மொபெட்டில் வைக்கோல் கட்டு கொண்டுபோவேன் என்பது தங்களுக்குத் தெரியும். அதே வழியில்தான் சோபியாவை உத்திரமேரூரில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் விடுவது. பின் சீட்டுக் கிழிந்து கம்பி குத்துகிறது. பொங்கல் அறுப்பு முடிந்ததிலிருந்து புது வைக்கோல் கட்டை அதன்மேல் வைத்துக் கட்டி, அவளை அதில் உட்காரவைத்து, கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். அவளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கட்டு கொட்டாய்க்குப் போய்விடும். தங்கள் காரில்கூட அவ்வளவு மெத்தென்று இருக்காது. பினாயில் போட்டு வண்டியின் சக்கரத்தைக்கூடத் துடைத்தேன். வைக்கோலை மட்டும் துடைக்கவில்லை. புது வைக்கோலை விடச் சுத்தமானது உலகத்தில் என்ன இருக்கிறது? ரட்சகர் பிறந்ததும் படுத்தது அதன்மேல்தானே. இத்தனை கவனமாகக் காப்பாற்றிக்கொண்டு வந்தவனுக்கு, மூன்றாவது பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது பிசாசு புத்தியைக் காட்டினான். வண்டிச் சங்கிலியில் வைக்கோல் சுற்றி, பல் சக்கரம் உடைந்து, வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. மெக்கானிக், மாற்றுச் சாமான் சென்னையிலிருந்து வர வேண்டும் என்று வண்டியைப் படுக்கப் போட்டுவிட்டார். என் பெண், என் தீர்மானங்களால் வெள்ளையாக வெளுத்து வைத்திருந்த என் பெண், பத்து நாளும் ஷேர் ஆட்டோவில் மீன் கூடைக்கும் சிமெண்டு மூட்டைக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்து போனாள். பரீட்சை அன்று காலையில் அவள் ஆட்டோ ஏறினதைப் பார்த்து நான் புளியமரத்துக்குப் பின்னால் போய் அழுதேன். செல்லாயி பார்த்துவிட்டாள். ஆடு போனதற்கு நான் வருத்தப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, “வுடு மேஸ்திரி, ஈஸ்டருக்கு இட்டாந்துடலாம்” என்று ஆறுதல் சொன்னாள்.

நேற்று மாலை சோபியா பஸ் இறங்கி வந்தாள். நான் வாசலில், அதாவது டி பகுதியில், நின்றிருந்தேன். அவள் எப்போதும் போலத் தாம்பாளத்தில் காலை நனைக்காமல் தாண்டிக் குதித்து வந்தாள். “நைனா, பத்துத் தட்டும் சுத்தம். ஒரு புள்ளி இல்ல” என்றாள். பையிலிருந்து கம்பெனி முத்திரை போட்ட தாளை எடுத்து நீட்டினாள். நிரந்தரம், மச்சான்! ஏப்ரல் முதல் தேதியிட்டு நிரந்தரம்! மார்த்தாள் ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். செல்லாயி குலவை போட்டாள். நடவுக்குப் போய்த் திரும்பின எங்கள் ஆட்கள் சேற்றுக் காலோடு ஏ, பி, சி எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு உள்ளே வந்து அந்தத் தாளை ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். படிக்கத் தெரியாதவர்களும் முத்திரையைத் தடவிப் பார்த்தார்கள். எங்கள் தெருவில் பிறந்து, ஊருக்கே மருந்து நிரப்புகிற கையாக ஆனவள் இவள்தான் முதல். இத்தனை வருஷம் மற்றவர் கழனியில் முதுகு வளைந்து நட்ட சனம், நேற்று நிமிர்ந்து நின்று சிரித்ததை நான் பார்த்தேன். ஆகவே மீண்டும் எழுதுகிறேன்: ஆட்டை அனுப்பி, இட்லியை நிறுத்தி, கோடு கிழித்து, பினாயில் ஊற்றி, நான் ஜெயித்தேன். தங்கள் எல்கேஜிக்கு வேறு டீச்சர் பார்த்துக்கொள்ளவும். தாங்களாகவே போன் செய்து, ‘ஞானதாஸு, நீ ஜெயிச்ச’ என்று ஒரு தடவை சொன்னால் போதும். ஸ்பீக்கரில் போட்டு மார்த்தாளுக்கும் கேட்கவைப்பேன்.

உயிர்த்தெழுந்த ஆண்டவருடைய சமாதானம் தங்கள் வீட்டு நிலைப்படியிலும் பள்ளிக்கூட மணியிலும் தங்கியிருப்பதாக. தங்கள் சர்க்கரை அடங்குவதாக. ஈஸ்டர் அன்று குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுப் போகவும். அன்று தடை நீங்கி இட்லி உண்டு.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள (ஆனால் ஜெயித்த) மைத்துனன்,
ஞானதாஸ்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால் பிழை பார்க்கச் சொல்லி சோபியாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். பாதி படித்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடித்ததும் தன் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்துக் காட்டினாள். முதல் இரண்டு தடவையும் முளைத்த புள்ளி என்ன கிருமி என்று கம்பெனியில் ஆராய்ந்து எழுதின தாள். “வைக்கோல்ல இருக்கற கிருமி நைனா. வெத மாதிரி தோலு போட்டுக்கினு தூங்கும். எத்தன தடவ கை கழுவினாலும் சாவாது” என்றாள். இடது கையால் பிடித்தது வைக்கோல் கட்டின் கயிறு. உட்கார்ந்ததும் அதன்மேல்தான். ஆடு குற்றமற்றது. இட்லி குற்றமற்றது. இந்தத் தாள் கிடைத்து மூன்று வாரம் ஆகிறதாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா நீ வைக்கோல வேக வெச்சிருப்ப” என்றாள். அது நியாயம்தான், உண்மையில் அண்டாவை எடுத்திருப்பேன். ஆகவே அவளே ஒரு தீர்மானம் போட்டிருக்கிறாள். சங்கிலியில் வைக்கோல் தானாகச் சுற்றவில்லையாம். ஒரு நாள் காலையில் நான் செருப்பு மாட்டுகிற நேரத்தில் அவள்தான் கைநிறைய எடுத்துத் திணித்திருக்கிறாள். நாற்பது நாளும் கம்பெனி கேன்டீனில் இட்லி சாப்பிட்டதையும் ஒப்புக்கொண்டாள். மார்த்தாளுக்கு எல்லாம் முன்பே தெரியும். உப்புமா தின்றது நான் ஒருவன்தான்.

கடிதத்தைத் திரும்ப எழுத மனசு வரவில்லை, தபால் தலையும் ஒட்டியாகிவிட்டது. இனி யாரிடமும் அவளை வைத்துப் பந்தயம் கட்டமாட்டேன் என்று என்னிடம் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். ஆகையால் மச்சான், மேலே ‘நான் ஜெயித்தேன்’ என்று வருகிற இடத்தில் எல்லாம் பேனாவால் அடித்துவிட்டு, ‘சோபியா ஜெயித்தாள்’ என்று திருத்தி வாசிக்கவும்.